மாமன் சீரா வந்த குழாய்

தம்பிங்களா, புதுசா இந்தத் தொழிலுக்கு வர்றவங்க எங்கிட்ட கேக்குற முதல் கேள்வி எப்பவும் ஒண்ணுதான். "அண்ணே, எந்த பிராண்டு குழாய் வாங்கினா நம்பலாம்?" நான் பதில் சொல்ல மாட்டேன். தொழில் ரகசியத்தை ஒளிச்சு வைக்கிறேன்னு நினைக்காதீங்க. நான் வேலை செஞ்ச காலத்துல நல்ல பேரோட இருந்த கம்பெனிங்க பாதி மூடியாச்சு, மீதிப் பாதி பேரை வேற யாருக்கோ வித்தாச்சு. இன்னிக்கு நல்லா இருக்கிற பேரு நாளைக்கு எப்படி இருக்கும்னு சொல்ல நான் என்ன ஜோசியக்காரனா?

பொருளைப் பாக்கத் தெரிஞ்சுக்கங்க, அது போதும். முதல்ல கையில எடுங்க. பித்தளைன்னா கை சொல்லும், கனம் உள்ளங்கையில உக்காரும். சந்தேகமா இருந்தா வெளிய தெரியாத இடத்துல அரத்தை வச்சு லேசா ஒரு இழுப்பு இழுங்க. மஞ்சளாத் தெரிஞ்சா பித்தளை. வெள்ளையாத் தெரிஞ்சா அது துத்தநாகத்தை உருக்கி வார்த்து மேல பளபளன்னு பூசினது. அப்புறம் நட்டு ஏறுற மரையை விரலால தடவிப் பாருங்க, நகம் சிக்கினா வெட்டு சரியில்லன்னு அர்த்தம். கடைசியா கடைக்காரரைக் கேளுங்க: "இதுக்கு வாஷர் தனியா கிடைக்குமா?" கிடைக்காதுன்னா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

எழுபதுகள்ல ஜாலான் புசார் பக்கம் நான் சாமான் வாங்குன கடையை ஒரு சீனக்காரம்மா நடத்துனாங்க. என் வயசுதான் இருக்கும். எனக்கும் அவங்களுக்கும் பொதுவா இருந்தது அரைகுறை மலாய். ஒரு நாள் கண்ணாடி அலமாரியில இருந்த ஜிகுஜிகு குழாய் ஒண்ணைக் காட்டி, "அதை எடுங்க"ன்னேன். அந்தம்மா தலையைக் கூடத் தூக்காம, "அது பாக்குறதுக்கு. உனக்கு இது"ன்னு மொத்தையா ஒரு பித்தளைக் குழாயைத் தூக்கி மேசை மேல வச்சாங்க.

"அப்ப அதை எதுக்கு விக்கிறீங்க?"ன்னு கேட்டேன்.

"கேக்குறவங்களுக்கு விக்கிறேன். அவங்க வாங்கிட்டுப் போயிடுவாங்க. நீ வாங்கிட்டுப் போனா அடுத்த வாரம் வாசல்ல வந்து நின்னு கத்துவே லா."

சும்மா சொல்லக் கூடாது, சரியாத்தான் சொன்னாங்க. அந்தம்மா வாயில இருந்து நல்ல வார்த்தைன்னு ஒண்ணு நான் கேட்டதில்ல, ஆனா கெட்ட சாமான் ஒண்ணு கூட எனக்கு வித்ததில்ல.

இன்னொண்ணு. சிராங்கூன் ரோட்டுல மளிகைக்கடை வச்சிருந்த ஒருத்தர் வெளியூர் போனப்ப ஆசைப்பட்டு ஒரு கழிப்பறைத் தொட்டி வாங்கிட்டு வந்தார். அழகுன்னா அழகு, அப்படி ஒரு அழகு. நானும் மாட்டிக் குடுத்துட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு உள்ள இருந்த ரப்பர் வளையம் போச்சு. சுண்டு விரல் மோதிரம் அளவு இருக்கும். ஊரெல்லாம் தேடினேன், அந்த அளவு எங்கயும் இல்ல. கடைசியில முழுத் தொட்டியையும் கழட்டிப் போட்டுட்டு சாதாரணமானதா ஒண்ணை வச்சோம். அதுல இருந்துதான் வாஷர் கேள்வியை நான் கடையிலயே கேக்க ஆரம்பிச்சேன்.

இதெல்லாம் பொருளைப் பத்தின படிப்பு. கொஞ்சம் புத்தி இருந்தா ஆறு மாசத்துல வந்துடும். நான் இன்னிக்கு முக்கியமா சொல்ல வந்தது, பொருள் மட்டம்னு கைக்குத் தெரிஞ்ச பிறகு என் வாய் என்ன பண்ணுச்சுங்கிறதை. இதை நான் அதிகமா யார்கிட்டயும் சொன்னதில்ல. பெருமைப்படுற கதை இல்ல.

எழுபதுகளோட கடைசி. கிளமெண்டியில அரசாங்கம் கட்டின புது அடுக்குமாடி பிளாக்குங்க எழும்பி, ஜனங்க சாவி வாங்கிக் குடி வந்துக்கிட்டு இருந்த சமயம். நாங்க கத்தோலிக்கக் குடும்பம், ஞாயித்துக்கிழமை தமிழ்ப் பூசைக்குப் போவோம். எங்க கோயில்ல அந்தோணின்னு ஒருத்தர், துறைமுகத்துல கிரேன் ஓட்டுறவர். அவருக்கு ஆறாவது மாடியில வீடு கிடைச்சுது. "சவரி, குழாய் வேலை எல்லாம் உன் பொறுப்பு"ன்னுட்டார். சனிக்கிழமை நாலு மணிக்கு சாமியார் வந்து ஜெபம் சொல்லி வீடு மந்திரிக்கிறதா ஏற்பாடு.

அந்தோணி சம்சாரம் பிலோமினா. எல்லாருக்கும் பிலோ. பிலோவும் அந்தோணியும் விரும்பிக் கட்டிக்கிட்டவங்க. அதுல பிலோவோட அண்ணன் ஞானத்துக்கு மனசில்ல. கூடப்பொறந்தது அவர் ஒருத்தர்தான். கல்யாணத்துக்கும் வரல, பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்தப்பவும் வரல. கோயில்ல எதிர்ல பாத்தாக் கூட மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போவார். நாலு வருஷம் அப்படியே ஓடிப் போச்சு. புது வீடு மந்திரிப்புக்கு அண்ணன் வர்றதா ஒத்துக்கிட்டார்னு சொன்னப்ப பிலோ கண்ணெல்லாம் கலங்கிடுச்சு.

சமையலறை சிங்க்குக்கு அந்த ஜாலான் புசார் கடையில இருந்து ஒரு பித்தளைக் குழாய் வாங்கி வச்சிருந்தேன். குட்டையா, தடியா, பாக்க ஒரு லட்சணமும் இருக்காது. பிலோ அதைப் பாத்துட்டு, "என்ன சவரிண்ணே, ஆஸ்பத்திரிக் குழாய் மாதிரி இருக்கு?"ன்னு சிரிச்சாங்க. "தங்கச்சி, உன் பேரப்பிள்ளை வரைக்கும் தண்ணி குடுக்கும்"னேன். அவங்க மனசு ஆறல. அண்ணி கிட்ட போன்ல பேசும்போது இதைச் சொல்லிப் புலம்பியிருக்காங்க. அது அண்ணன் காதுக்குப் போயிருக்கு.

சனிக்கிழமை பன்னெண்டு மணி இருக்கும். மத்த வேலையெல்லாம் முடிச்சு, பித்தளைக் குழாயைக் கையில எடுத்துக்கிட்டு சிங்க்குக்கு அடியில குனிஞ்சிருக்கேன். வாசல்ல சத்தம். ஞானம் அண்ணன், அவர் சம்சாரம், கூட ஏழெட்டு சொந்தக்காரங்க. அண்ணன் கையில தாம்பாளத் தட்டு. பழம், கற்கண்டு, சேலை, வேட்டி, நடுவுல ஒரு சிவப்பு வெல்வெட் பெட்டி. மாமன் சீருன்னா தங்கம் வைப்பாங்க, துணி வைப்பாங்க, பாத்திரம் வைப்பாங்க. அண்ணன் பெட்டியைத் திறந்தார். உள்ள ஒரு குழாய்! அன்னப்பறவைக் கழுத்து மாதிரி வளைஞ்சு, ஓரமெல்லாம் தங்கப் பூச்சு. சீர்த்தட்டுல குழாய் வச்சு நான் பாத்தது அது ஒரு தடவைதான்.

"பிலோ, உன் வீட்டுல ஆஸ்பத்திரிக் குழாய் எதுக்கு?"ன்னார் அண்ணன். பிலோ வாயைப் பொத்திக்கிட்டு அழுதாங்க. அண்ணன் எங்கிட்ட திரும்பி, "தம்பி, இதை மாட்டுங்க. என் தங்கச்சி இந்த வீட்டுல முதல் தண்ணி இதுலதான் புடிக்கணும். அதுல காப்பி போட்டு எனக்குத் தரணும். நாலு வருஷமா நான் அவ கையால ஒரு வாய் தண்ணி குடிக்கல"ன்னார்.

குழாயை வாங்கினேன். தம்பிங்களா, வாங்கின அந்த நொடியிலயே தெரிஞ்சு போச்சு. அவ்வளவு பெரிய குழாய், கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சு. இருந்தாலும் சிங்க்குக்கு அடியில குனியுற மாதிரி குனிஞ்சு, நட்டு மறைக்கிற இடத்துல அரத்தோட முனையால ஒரு கீறல் போட்டேன். வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. 

தலையைத் தூக்கிப் பாத்தேன். பத்துப் பன்னெண்டு பேரு அந்தச் சின்ன சமையலறையில நெருக்கியடிச்சு நிக்கிறாங்க. அண்ணன் மூஞ்சியில அப்படி ஒரு சந்தோஷம். அந்தோணி என்னையே பாக்குறார். எதையும் கெடுத்துடாதேன்னு கெஞ்சுற பார்வை. நான் வேற ஜாதி மதத்துக்காரனா, வேற ஊர்க்காரனா இருந்திருந்தா, "மட்டமான சாமான், மாட்ட மாட்டேன்"னு பட்டுனு சொல்லியிருப்பேன். மாமன் சீருன்னா என்னன்னு தெரிஞ்சவனாப் போயிட்டேன். சீரைக் குறை சொன்னா சபையில மாமனையே குறை சொன்ன மாதிரி. நாலு வருஷம் கழிச்சு வாசப்படி ஏறின மனுஷன் அதே வேகத்துல இறங்கிப் போயிட்டா அந்தப் பழி யாருக்கு? எனக்குத்தானே?

அதனால மனசுக்குள்ள ஒரு கணக்குப் போட்டேன். இன்னிக்கு சனி. நாளைக்கு ஞாயிறு. திங்கக்கிழமை காலையில வந்து, வாஷர் சரியில்லன்னு ஏதாவது சாக்குச் சொல்லி, பித்தளையை மாட்டிட்டு இதை அலமாரியில அழகுக்கு வைக்கச் சொல்லிடலாம். ரெண்டு நாள் தாங்காதா? ரெண்டே ரெண்டு நாள்.

மாட்டினேன். கசிவு நிக்கலை. இன்னும் அரைச் சுத்து முறுக்க வேண்டியிருந்துச்சு. முறுக்கினேன். பித்தளைன்னா முறுக்கும்போது ஒரு இடத்துல கெட்டியா நிக்கும், கைக்குத் தெரியும். இது மெத்துனு போச்சு. அப்பவாவது வாயைத் திறந்திருக்கணும். திறக்கல.

நாலு மணிக்கு சாமியார் வந்து ஒவ்வொரு அறையா தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சார். சமையலறைக்கும் தெளிச்சார். பிலோ குழாயைத் திறந்து முதல் தண்ணி புடிச்சு, காப்பி போட்டு, அண்ணன் கையில குடுத்தாங்க. அவ்வளவு பெரிய மனுஷன், தம்ளரைக் கையில வச்சுக்கிட்டு குழந்தை மாதிரி அழுதார். எனக்கும் ஒரு தம்ளர் குடுத்தாங்க. வெக்கங்கெட்டவன், நானும் வாங்கிக் குடிச்சேன். குடிச்சுட்டு, எவ்வளவு நல்ல காரியம் பண்ணியிருக்கோம்னு எனக்கு நானே முதுகுல தட்டிக்கிட்டேன்.

மறுநாள் பூசை முடிஞ்சு கோயில் படியில அந்தோணியைப் பாத்தேன். "வீட்டுக்குப் போய்த் துணி மாத்திக்கிட்டு எல்லாரும் மச்சான் வீட்டுக்கு விருந்துக்குப் போறோம்"னார். ராத்திரி ஆகுமாம். வீட்டுல ஆளே இருக்காது. கிளம்புறப்ப வாசல் பக்கம் இருக்கிற மெயின் வால்வை மூடிட்டுப் போங்கன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. பக்கத்துலயே ஞானம் அண்ணன், அந்தோணி தோள்ல கையைப் போட்டுக்கிட்டு நிக்கிறார். மூடச் சொன்னா ஏன்னு கேப்பார். சரி, ஒரு நாள்தானேன்னு முழுங்கிட்டேன். தம்பிங்களா, முதல் நாள் பத்துப் பேர் முன்னாடி பேசல, அதைக் கூட மன்னிக்கலாம். இந்த ரெண்டாவது தடவையை நான் இன்னும் மன்னிக்கல.

அப்ப நான் ரோவல் ரோட்டுல ஒரு கடைவீட்டு மாடியில குடியிருந்தேன். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்திருந்தேன். கீழ்க்கடைக்காரர் கத்தினார், போன் வந்திருக்குன்னு. அந்தோணிதான். "சவரி, உடனே வா"ன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான், வச்சுட்டார். கிளமெண்டி வரைக்கும் வேனை எப்படி ஓட்டினேன்னு எனக்கே தெரியாது. குழாயோட மரைக் கழுத்துதான் ஒடிஞ்சிருக்கும்னு மட்டும் தெரியும்.

அந்த பிளாக்குல லிப்ட் எல்லா மாடியிலயும் நிக்காது. அஞ்சாவது மாடியில இறங்கித்தான் ஏறணும். இறங்கினதும் பாத்தேன். அந்தோணி வீட்டுக்கு நேர் கீழ் வீட்டு வாசல் முழுக்க துணி. சுவர் மேல, நாற்காலி மேல, மூங்கில் கழியில. சிவப்பு, பச்சை, ஊதா, ஜரிகை போட்டது. எல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சு, கீழ தரையில சாயத் தண்ணி ஓடுது. ஒரு மலாய்க்கார அம்மா ஒவ்வொண்ணாப் பிழிஞ்சு விரிச்சுக்கிட்டு இருந்தாங்க. எல்லாரும் அவங்களை மக்சிக்னு கூப்பிடுவாங்க, மலாயில பெரியம்மா சின்னம்மாவைக் கூப்பிடுற மாதிரி. தையல்காரம்மா. புருஷன் கிடையாது. பெருநாளுக்கு ஊர்ச்சனம் கொண்டாந்து குடுத்த துணி அத்தனையும் அவங்க சமையலறைப் பக்கத்து அறையில மேசை மேல அடுக்கியிருந்திருக்கு. நோன்பு மாசம். பெருநாளுக்குப் பதினோரு நாள்தான் பாக்கி.

மேல போனேன். பிலோ முட்டி போட்டு தண்ணியை வழிச்சுக்கிட்டு இருக்காங்க. சிங்க்குக்கு அடியில குழாயோட மரைக் கழுத்து ரெண்டா ஒடிஞ்சு கிடக்குது. மட்டமான வார்ப்பு, ராத்திரியெல்லாம் அழுத்தத்துல நின்னு, முறுக்கின இடத்துல விரிசல் விட்டு, இவங்க கிளம்பிப் போன பிறகு ஒடிஞ்சிருக்கு. எவ்வளவு நேரம் கொட்டுச்சோ. பக்கத்து வீட்டுச் சீனக்காரர்தான் கடைசியில மெயினை மூடிட்டு, அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டு இவங்களை வரவழைச்சிருக்கார். தண்ணி, பைப் இறங்குற ஓட்டை வழியா நேரா கீழ் வீட்டுக்குப் போயிடுச்சு.

என்னைப் பாத்ததும் ஞானம் அண்ணன் பொங்கிட்டார். "நேத்து இவரு ஸ்பேனரைப் போட்டு முறுக்கினதை என் கண்ணால பாத்தேன். அந்த முறுக்கு முறுக்கினா எந்தக் குழாய்தான் தாங்கும்? வேலை தெரியாதவனை எல்லாம் ஏன் மாப்ளே கூப்பிடுறீங்க?"

அந்தோணி தரையைப் பாத்தார். நான் ஒடிஞ்ச துண்டைக் கையில எடுத்தேன். உள்ள வெள்ளையா, கற்கண்டை உடைச்ச மாதிரி நறநறன்னு இருந்துச்சு. அதை அந்த மனுஷன் மூஞ்சிக்கு நேரா நீட்டி, "பாருங்க, நீங்க வாங்கினது குப்பை"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் பேரு தப்பிச்சிருக்கும். ஆனா அண்ணன் அந்தத் துண்டைக் கையில வச்சுக்கிட்டே வெளிய போயிருப்பார், திரும்பி வந்திருக்க மாட்டார். இல்ல, "ஆமாண்ணே, நான்தான் அதிகமா முறுக்கிட்டேன்"னு பழியை ஏத்துக்கலாம். பெரிய மனசுக்காரன் மாதிரி இருக்கும். ஆனா அதுவும் பொய்தான். பொய்யா வாயை மூடினதுக்கே கீழ ஒரு குடும்பம் துணியைப் பிழிஞ்சுக்கிட்டு இருக்கு.

"குழாய் மட்டம்தாண்ணே"ன்னேன். "ஆனா அது உங்களுக்குத் தெரியாது, கடைக்காரன் உங்களை ஏமாத்திட்டான். எனக்குத் தெரியும். நேத்து கையில வாங்கினப்பவே தெரியும். கீறிப் பாத்தேன். தெரிஞ்சேதான் மாட்டினேன்."

 பிலோ எந்திரிச்சாங்க. கையில ஈரத் துணி.

"தெரிஞ்சு ஏண்ணே சொல்லல? வாய்ல கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

"அண்ணன் மனசு நோகும்னு..."

"எங்கண்ணன் மனசு நோகும்னு கீழ் வீட்டு அம்மா பொழப்பை நனைச்சீங்களா?"

நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.  மக்சிக் எப்ப மேல வந்தாங்கன்னு தெரியல, வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தாங்க. தமிழ்ல என்ன சண்டைன்னு புரியாம அந்தோணியைக் கேட்டாங்க. அந்தோணி திணறினார். நானே மலாயில சொன்னேன்: "மக்சிக், அந்தக் குழாய் ஒடியும்னு எனக்கு நேத்தே தெரியும்."

அவங்க திட்டுவாங்கன்னு நின்னேன். நோன்புல இருந்தாங்க, உதடெல்லாம் காஞ்சு போயிருந்துச்சு. "நாளைக்குக் காலையில வா"ன்னு மட்டும் சொல்லிட்டு இறங்கிப் போயிட்டாங்க.

போனேன். ராத்திரியோட ராத்திரியா அவங்களும் அவங்க மகளும் துணியை மூணு குவியலாப் பிரிச்சிருந்தாங்க. அலசினா சரியாப் போயிடுறது ஒண்ணு, அதுதான் நிறைய, நல்ல வேளை. சாயம் ஏறிக் கெட்டது, அதே மாதிரி கடையில கிடைக்கக்கூடியது ஒண்ணு. மூணாவதுல ஒரே ஒரு துணி தனியா இருந்துச்சு. அதைப் பத்தி அவங்க அப்ப ஒண்ணும் சொல்லல.

"தைக்கிறது என் வேலை"ன்னாங்க மக்சிக். "கடையில தேடி வாங்கிட்டு வர்றது உன் வேலை. அப்புறம் இன்னொரு வேலை இருக்கு. துணி கெட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் நீ எங்கூட வரணும். எப்படிக் கெட்டுச்சுன்னு உன் வாயால சொல்லணும். இருபது வருஷமா தைக்கிறேன், நான் கவனமில்லாம கெடுத்தேன்னு ஒருத்தர் கூட நினைக்கக் கூடாது."

துணி மாதிரிகளைக் கையில வாங்கிக்கிட்டு கீழ இறங்கினா, என் வேன் பக்கத்துல ஞானம் அண்ணன் நிக்கிறார். வேலைக்குப் போகல. "நானும் வர்றேன்"னு முன் சீட்டுல ஏறி உக்காந்துட்டார். நேரா அரபுத் தெருவுக்கு, துணிக்கடைங்க இருக்கிற இடத்துக்குப் போனோம். அங்க கடை கடையா ஏறி இறங்கி, ரெண்டு தடியன்க, வெரலகலத் துணித்துண்டை வச்சுக்கிட்டு பூவும் கரையும் பொருந்துதான்னு பாக்குறோம். கடைக்காரர் ஒருத்தர், "ரெண்டு பேர்ல யாருக்குக் கல்யாணம்?"னு கேட்டுச் சிரிச்சார். எங்களுக்குச் சிரிப்பு வரல.

திரும்பி வரும்போதுதான் அண்ணன் பேசினார். "தம்பி, சனிக்கிழமையே நீங்க சொல்லியிருந்தா நான் கோவிச்சிருப்பேன்தான். இல்லேன்னு சொல்லல. ஒரு மணி நேரம் கோவிச்சிருப்பேன். அதுக்காக தங்கச்சி வீட்டை விட்டுப் போயிருப்பேனா? நாலு வருஷம் அவளைப் பாக்காம இருந்து பாத்தவன் தம்பி நான்." அந்த மனுஷனை நான் எவ்வளவு சின்னதா எடை போட்டு வச்சிருந்தேன்னு அப்பதான் உறைச்சுது. குழாயோட எடை தெரிஞ்ச கைக்கு ஆளோட எடை தெரியல.

அதனால சொல்றேன், கஸ்டமர் தானே வாங்கி வச்சிருக்கிற சாமானை மாட்டச் சொன்னா என்ன பண்றதுன்னு நீங்க கேப்பீங்க. மாட்டுறதுக்கு முன்னாடி அவங்க முன்னாலயே கையில எடுங்க, அவங்க முன்னாலயே கீறிக் காட்டுங்க. மட்டம்னா மட்டம்னு சொல்லுங்க. பணிவாச் சொல்லுங்க, சிரிச்சுக்கிட்டுக் கூட சொல்லுங்க, ஆனா சொல்லிடுங்க. "அண்ணே, சாமி மந்திரிக்கிற வரைக்கும் இது சீர்த்தட்டுலயே இருக்கட்டும், சிங்க்குக்கு நான் பித்தளையை மாட்டுறேன், முதல் தண்ணி அதுல புடிக்கட்டும்." இவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டியது. ஒரு வாரம் கழிச்சு, வேன் ஓட்டிக்கிட்டு இருக்கும்போது இந்த வார்த்தை எனக்கு வந்துச்சு. கேக்கலைன்னா பையைத் தூக்கிட்டு வந்துடுங்க. யார் வாங்கினதா இருந்தாலும் சரி, நாம கையால மாட்டிட்டா அது நம்ம குழாய்.

அந்தப் பதினோரு நாளும் மக்சிக் கண்ணு மூடினாங்களான்னு தெரியாது. பிலோ தினமும் வேலை முடிஞ்சு கீழ போய் பட்டன் தைச்சாங்க, மடிச்சாங்க. பித்தளைக் குழாயை நான் அந்தத் திங்கக்கிழமையே மாட்டிட்டேன். யாரும் அதை ஆஸ்பத்திரிக் குழாய்னு சொல்லல.

துணி கெட்ட வீடுங்களுக்கு மக்சிக்கோட போனேன். கேலாங், குவீன்ஸ்டவுன், புக்கிட் மேரா. ஒவ்வொரு வாசல்லயும் ஒரே வார்த்தைதான்: "குழாய் ஒடியும்னு எனக்கு முன்னாலயே தெரியும். நான் சொல்லல." ஒரு வீட்டுல நல்லாத் திட்டினாங்க. ஒரு வீட்டுல கதவைச் சாத்திட்டாங்க. மத்தவங்க புதுத் துணியைத் தடவிப் பாத்து, சரின்னு தலையாட்டினாங்க. சொல்லச் சொல்ல லேசாகும்னு நினைச்சிருந்தேன். ஆகல.

கடைசி வீடு கிராஞ்சியில. அப்பல்லாம் அங்க பஸ் எப்பவாவதுதான் வரும், செடிப் பண்ணையெல்லாம் தாண்டி மண் ரோட்டுல போகணும். வேன்ல போகும்போதுதான் மக்சிக் அந்த மூணாவது குவியல் துணியைப் பத்திச் சொன்னாங்க. பச்சையில தங்க ஜரிகை போட்ட தறித்துணி. அந்த வீட்டுப் பொண்ணோட அம்மா பல வருஷமா பெட்டியில வச்சிருந்து, மகளுக்குன்னு குடுத்துட்டு, அந்த வருஷம்தான் இறந்து போயிருக்காங்க. பக்கத்துல இருந்த சிவப்புத் துணியோட சாயம் அதுல முன்பக்கமா இறங்கிடுச்சு. மக்சிக் தனக்குத் தெரிஞ்ச வைத்தியமெல்லாம் பண்ணிப் பாத்துட்டாங்க. போகல. அதோட மாதிரியையும் அன்னிக்கே குடுத்திருந்தாங்க, யாரோடதுன்னு தெரியாமலே நானும் அண்ணனும் அதுக்காக ஏறாத கடை இல்ல. கிடைக்கல.

அந்தப் பொண்ணுக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும். வீட்டு வாசல் படியில உக்காந்து துணியை மடியில விரிச்சுப் பாத்தாங்க. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கத்துவாங்கன்னு நினைச்சேன். கத்தல. கறையை விரலால தடவிக்கிட்டே கேட்டாங்க.

"முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"அதை வாங்கிட்டு வந்தவர் வருத்தப்படுவார்னு."

 அப்புறம் என்னை நிமிர்ந்து பாத்தாங்க. "சொல்லியிருந்தா, அதைச் சொல்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

"ஒரு நிமிஷம்"னேன்.

அவங்க தலையாட்டினாங்க. துணியைப் பழைய மடிப்புலயே மடிச்சாங்க. மக்சிக், "கறை உள்பக்கம் போற மாதிரி ஏதாவது வெட்டித் தைச்சுத் தரட்டுமா?"ன்னு மெதுவாக் கேட்டாங்க. "வேண்டாம் மக்சிக்"னு சொல்லிட்டு, துணியை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாங்க. நாங்க கொஞ்ச நேரம் வாசல்லயே நின்னோம். அவங்க திரும்பி வரல.

பெருநாளைக்கு மக்சிக் என்னைக் கூப்பிட்டாங்க, போனேன், சாப்பிட்டேன். அந்தப் பொண்ணு அன்னிக்கு என்ன உடுத்தினாங்கன்னு நான் கேக்கல. மக்சிக்கும் சொல்லல.